கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கு எவ்வளவு அதிகாரம்?

வணக்கம் மக்களே. தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்து பேசுகிறேன், காற்று சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் சித்தி பையனுக்கு நடந்தது இது. கடலூர் பக்கம் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். ஹாஸ்டலுக்கு லேட்டாகத் திரும்பியிருக்கிறான், கேட்டில் செக்யூரிட்டியோடு வாய்த்தகராறு. போனைப் பிடுங்கிக்கொண்டு, கேட்டை ஒட்டிய ரூமில் உட்காரவைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டிருக்கிறார்கள். "அண்ணா, யூனிஃபார்ம் போட்டிருக்காங்க, அவங்களுக்குப் பவர் இருக்கும்ல?" என்று கேட்டான். அவன் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அப்படி நம்பினான் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இல்லை மக்களே. நம் ஊர் கல்லூரி செக்யூரிட்டி போலீஸ் கிடையாது. பெரும்பாலும் ஒரு ஏஜென்சி அனுப்பிய ஒப்பந்தத் தொழிலாளி. வெளிநாட்டில் கதை வேறு. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களுக்கு உறுதிமொழி எடுத்த, துப்பாக்கி வைத்திருக்கும் சொந்த போலீஸே உண்டு, கைது செய்யலாம். ஆக்ஸ்ஃபோர்டில் 1825ஆம் ஆண்டுச் சட்டப்படி பல்கலைக்கழகத்துக்கென்று கான்ஸ்டபிள்கள் இருந்தார்கள், 2003இல்தான் கலைத்தார்கள். இங்கே இருப்பது 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டம். அது ஏஜென்சிக்கு லைசென்ஸ் வேண்டும், காவலருக்கு 18 முதல் 65 வயதுக்குள் இருக்க வேண்டும், பயிற்சி வேண்டும் என்கிறது. போலீஸ் மாதிரியோ ராணுவம் மாதிரியோ தெரியும் சீருடை போட்டால் ஒரு வருடம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டுமே கூட விழலாம். போலீஸ் அதிகாரம் எதையும் அது கொடுக்கவில்லை.

அப்போது யாரையுமே பிடிக்கக்கூடாதா? பிடிக்கலாம். நீங்களும் நானும் பிடிக்கிற அளவுக்கு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆவது பிரிவு, கண்ணெதிரே ஜாமீனில் வெளிவர முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்கிறது. பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். பைக் ஸ்டாண்டில் ஒருவன் பூட்டை உடைத்து வண்டியைக் கிளப்பினால் செக்யூரிட்டி அண்ணா அவனைப் பிடிப்பது சரிதான், கைதட்டலாம். ஹாஸ்டலுக்கு லேட்டாக வருவது குற்றமே இல்லை, கல்லூரி விதிமீறல். அதை விசாரிக்க வார்டன் இருக்கிறார், ஒழுங்கு நடவடிக்கைக் குழு இருக்கிறது.

ஐடி கார்டு கேட்கலாம், பையைத் திறந்து காட்டச் சொல்லலாம், மாட்டேன் என்றால் உள்ளே விடாமல் மேலே புகார் சொல்லலாம். அதைத் தாண்டி உடம்பைத் தொட்டுச் சோதிப்பது, போனைப் பிடுங்குவது, உள்ளே மெசேஜ் படிப்பது, ஸ்பாட் ஃபைன் போடுவது எல்லாம் அவர் வேலை இல்லை. சிகரெட் பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு, அதுகூடக் கல்லூரிக்குள் முதல்வர் போன்ற பொறுப்பாளர்களிடம் கொடுத்த அதிகாரம். அப்புறம் அந்தத் தாழ்ப்பாள் விஷயம். ஒருவரை நகரவிடாமல் அடைத்து வைப்பது பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது புதிய தண்டனைச் சட்டத்தின் 127ஆவது பிரிவில் வரும் குற்றம், ஒரு வருடம் வரை தண்டனை.

இதைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக்குக் கேட்டில் போய்ச் சண்டை போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். என் மாமா புதுச்சேரியில் மூன்று வருடம் கேட் டூட்டி பார்த்தவர், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். "உத்தரவு மேலேயிருந்து வாயாலதான் வரும் மாப்பிள்ளை, பிரச்சனைன்னா நீதான் செஞ்சேன்னு சொல்லிடுவாங்க" என்பார். பையன்களை அடைத்துவை என்று சொன்னவர் ஏசி ரூமில் இருப்பார், கேஸ் வந்தால் நிற்பது அவர் இல்லை, இந்த அண்ணாதான். அதனால்தான் செக்யூரிட்டி எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எழுத்தில் கொடுத்து, அதை கேட்டிலேயே ஒட்டிவைக்கச் சொல்லிக் கல்லூரியைக் கேட்க வேண்டும். மாணவனுக்கும் அது பாதுகாப்பு, அவருக்கும் பாதுகாப்பு.

தம்பி என்ன செய்தான்? நேரம், இடம், போன் எவ்வளவு நேரம் அவர்களிடம் இருந்தது என்று எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி கல்லூரி முதல்வர் அலுவலகத்தில் கொடுத்தான், நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவிட்டான். மன்னிப்புக் கடிதம் மிரட்டி வாங்கியது, திருப்பித் தர வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறான். செக்யூரிட்டி அண்ணாவை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தான், அந்த வரியை நான்தான் அடித்துவிடச் சொன்னேன். பதில் வந்ததும் இங்கே வந்து சொல்கிறேன்.