மெர்க்கல் செல் புற்றுநோய் ரிப்போர்ட்ல ‘வைரஸ் பாசிட்டிவ்’: வீட்டுல மத்தவங்களுக்கு ஒட்டுமா?

வணக்கம். நேயர் ஒருத்தர் அனுப்பியிருக்கிற கேள்வி இது. அவங்க அப்பாவுக்கு 71 வயசு. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிஞ்சு 6 வருஷம் ஆச்சு. கன்னத்துல வந்த கட்டியில பயாப்ஸி எடுத்ததுல மெர்க்கல் செல் கார்சினோமான்னு ரிப்போர்ட், அதாவது தோல்ல வர்ற ஒரு அபூர்வமான புற்றுநோய். அதுக்குக் கீழேயே ‘பாலியோமா வைரஸ் பாசிட்டிவ்’னு ஒரு வரி. “வீட்டுல 3 வயசுக் குழந்தை, எப்பவும் தாத்தா மடியிலதான் இருக்கும். தள்ளி வைக்கணுமா? நாங்க எல்லாரும் டெஸ்ட் எடுக்கணுமா?”ன்னு கேட்டிருக்காங்க.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். குழந்தையைத் தள்ளி வைக்க வேண்டாம். யாரும் டெஸ்ட் எடுக்க வேண்டாம்.

இந்த வைரஸோட பேரு மெர்க்கல் செல் பாலியோமா வைரஸ். பெரியவங்க ரத்தத்தைச் சோதிச்சா 100-ல 60 முதல் 80 பேருக்கு இதுக்கான எதிர்ப்பொருள் இருக்கும், அதாவது வைரஸ் ஏற்கனவே உடம்புக்குள்ள வந்ததுக்கான அடையாளம். அநேகமா சின்ன வயசுலயே வந்துடுது. காய்ச்சல் கிடையாது, தடிப்பு கிடையாது, வந்ததே தெரியாது. அதுக்கப்புறம் தோல்லயே சும்மா கிடக்கும். உங்ககிட்டயும் இருக்கலாம், என்கிட்டயும் இருக்கலாம். அதனால டெஸ்ட் எடுத்து ‘பாசிட்டிவ்’னு வந்தா அதுல தெரிஞ்சுக்க ஒண்ணுமில்ல, பயம்தான் மிச்சம். இந்த வைரஸை ஒழிக்க மருந்தும் இல்ல, தடுப்பூசியும் இல்ல.

அப்படின்னா இவ்வளவு பேர்கிட்ட இருக்கிற வைரஸ் ஏன் இவ்வளவு அபூர்வமா புற்றுநோயாகுது? அமெரிக்காவுல வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 3,000 பேருக்குத்தான் இந்தப் புற்றுநோய் வருது. 1972-ல டோக்கர்ங்கிற மருத்துவர் இதை முதல்ல விவரிச்சப்ப வைரஸ்ங்கிற எண்ணமே இல்ல. 2008-ல பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துல யுவான் சாங், பேட்ரிக் மூர் குழு ஒரு வேலை பண்ணாங்க. கட்டியில இருக்கிற மரபணுச் செய்திகளை எல்லாம் படிச்சு, மனுஷனுடையதுன்னு தெரிஞ்சதை எல்லாம் கழிச்சுக்கிட்டே வந்தாங்க. மிஞ்சினதுல இந்த வைரஸ் இருந்துச்சு. 10 கட்டிகளைப் பார்த்ததுல 8-ல இருந்தது.

அதுல முக்கியமான விஷயம், வைரஸ் எப்படி இருந்ததுங்கிறது. அது செல்லோட டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிக்கிட்டு இருந்தது. ஒரே நோயாளியோட கட்டி முழுக்க, ஒவ்வொரு செல்லுலயும், அதே இடத்துல. கட்டி வளர்ந்த பிறகு வைரஸ் வந்து ஒட்டியிருந்தா ஒவ்வொரு செல்லுல ஒவ்வொரு இடமா இருந்திருக்கும். ஒரே இடம்னா, முதல் செல்லுல வைரஸ் செருகினதுக்கு அப்புறம்தான் அந்தச் செல் பெருகியிருக்குன்னு அர்த்தம்.

செருகினது மட்டும் போதாது. இந்த வைரஸ்ல ‘பெரிய டி’ன்னு ஒரு புரதம் இருக்கு. அதுக்கு ரெண்டு வேலை. ஒரு பக்கம், செல் கண்டபடி பெருகாம பிடிச்சு வைக்கிற ஆர்.பி. புரதத்தை முடக்கும், அதாவது பிரேக்கைக் கழட்டி விடும். இன்னொரு பக்கம் வைரஸ் டி.என்.ஏ.வைப் பிரிச்சு நகலெடுக்கும். நம்ம டி.என்.ஏ.வுக்குள்ள செருகின இடத்துல இருந்து அந்த நகலெடுப்பு நடந்தா செல் சேதமாகிச் செத்துப் போகும். அதனால புற்றுநோயா வளர்ற செல்கள்ல எல்லாம் ‘பெரிய டி’ பாதியில வெட்டுப்பட்டு இருக்கும். நகலெடுக்கிற பாதி போச்சு, பிரேக்கைக் கழட்டுற பாதி மட்டும் மிச்சம். ஒரு விபத்து மேல இன்னொரு விபத்து. ரெண்டும் ஒரே செல்லுல நடந்து, அதை எதிர்ப்பு சக்தியும் கவனிக்காம விட்டாத்தான் கட்டி. மாற்றுச் சிறுநீரகத்துக்காக எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுறவங்க, எச்.ஐ.வி. உள்ளவங்க, சில ரத்தப் புற்றுநோய் உள்ளவங்க, 70-ஐத் தாண்டினவங்களுக்கு இது கூடுதலா வர்றது அதனாலதான்.

இப்ப குழந்தை விஷயத்துக்கு வாங்க. நகலெடுக்கிற பாதி வெட்டுப்பட்டுப் போனதால, அந்தக் கட்டிக்குள்ள புது வைரஸ் உருவாகவே முடியாது. கட்டியைத் தொட்டாலும் அதுல இருந்து ஒட்டிக்க எதுவும் இல்ல. புற்றுநோய் தொத்து கிடையாது.

ஆஸ்திரேலியா மாதிரி வெயில் கடுமையா, தோல் வெளுப்பா இருக்கிற இடத்துல வைரஸ் இல்லாத மெர்க்கல் கட்டிதான் நிறைய. அங்க புறஊதாக் கதிர்தான் டி.என்.ஏ.வைக் கெடுக்குது. ரெண்டு வகைக்கும் சிகிச்சை ஒண்ணுதான், அதனால அந்த ‘பாசிட்டிவ்’ வரியால அப்பாவோட சிகிச்சை மாறப் போறதில்ல.

எல்லாரும் கவனிக்க வேண்டியது கட்டியைத்தான். வலிக்காது, அரிக்காது. கெட்டியா, வழவழன்னு, கவிழ்த்து வச்ச கிண்ணம் மாதிரி மேடா இருக்கும். சிவப்பு இல்லேன்னா ஊதா நிறம். மாநிறத் தோல்ல அந்தச் சிவப்பு பளிச்சுன்னு தெரியாது. முகம், கழுத்து, கண் இமை, கைன்னு வெயில் படுற இடத்துல அதிகம், ஆனா இடுப்புக்குக் கீழேயும் வரும். மூணே மாசத்துல கண்ணுக்குத் தெரியுற அளவு பெருசாகுறதுதான் பெரிய அடையாளம். வலி இல்லாததால கொழுப்புக் கட்டின்னு விட்டுடறாங்க. அதைவிட மோசம், கட்டியைச் சுட்டு எடுத்துட்டு சதையைத் தூக்கிப் போட்டுடறது. எந்தக் கட்டியை எடுத்தாலும் ஃபார்மலின்ல போட்டு பத்தாலஜிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்க.

லேப்ல இதுக்குச் சி.கே. 20-ங்கிற புரதத்தைக் காட்டுற ஒரு சாயம் போடுவாங்க. செல்லோட கருவை ஒட்டி ஒரு புள்ளி வச்ச மாதிரி பழுப்பா பிடிக்கும். டி.டி.எஃப். 1-ங்கிற இன்னொரு புரதத்துக்கான சாயம் பிடிக்காது. நுரையீரல்ல வர்ற ஸ்மால் செல் புற்றுநோயும் மைக்ரோஸ்கோப்ல ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும், ஆனா அதுல பெரும்பாலும் டி.டி.எஃப். 1 பிடிக்கும். உங்க ரிப்போர்ட்ல இந்த ரெண்டு சோதனையோட முடிவும் இருக்கான்னு பாருங்க.

அடுத்தது சிகிச்சை. அதுல வரிசை முக்கியம். நெறி (நிணநீர்க் கணு) கட்டினது கைக்குத் தெரியலேன்னாலும், மூணுல ஒருத்தருக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவுல அங்க பரவியிருக்கும். அதனால கட்டியைச் சுத்தி 1 முதல் 2 செ.மீ. அகலமா வெட்டுற அதே ஆபரேஷன்லயே, சாயம் போட்டு, கட்டியில இருந்து நிணநீர் முதல்ல போய்ச் சேர்ற நெறியையும் எடுத்துப் பார்க்கணும். அகலமா வெட்டிட்டு அப்புறம் தேடினா நிணநீர் ஓடுற பாதை கலைஞ்சுடும், சரியான நெறி கிடைக்காது. அதுக்கப்புறம் பெரும்பாலும் கதிர்வீச்சு உண்டு. திரும்ப வர்றதா இருந்தா அநேகமா முதல் 2, 3 வருஷத்துக்குள்ள வரும், அதுவரைக்கும் 3 மாசத்துக்கு ஒரு தடவை தோலையும் நெறியையும் காட்டுங்க.

பரவின நோய்க்கு 2017-ல அவெலுமாப் வந்தது, அடுத்து பெம்ப்ரோலிசுமாப். இதுங்க எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்புற மருந்து. பழைய கீமோவுல கட்டி சுருங்கினாலும் சில மாசத்துலயே திரும்பிடும், இதுல பலன் கிடைக்கிறவங்களுக்கு ரொம்ப நாள் நிக்குது. ஆனா உங்க அப்பா விஷயத்துல ஒரு சிக்கல் இருக்கு. எழுப்பி விட்ட அதே எதிர்ப்பு சக்தி மாற்றுச் சிறுநீரகத்தையும் தாக்கலாம். எதிர்ப்பு சக்தி குறைக்கிற மாத்திரையை எவ்வளவு குறைக்கலாம், எதை மாத்தலாம்னு புற்றுநோய் மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு பண்ணணும். அதுக்கு முன்னாடி ஒரு மாத்திரையைக்கூட நீங்களா நிறுத்திடாதீங்க.