பிள்ளை மடுவம் யாருடைய பொறுப்பு?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நிலையத்தார் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘அரச நிர்வாகமும் முன்பிள்ளைப் பருவச் சேவைகளும்’. இதைக் கேட்டவுடன் பாதிப் பேர் பாட்டுப் போகும் அலைவரிசைக்குத் திருப்பியிருப்பீர்கள். மிச்சமிருக்கிறவர்களுக்காக, நமக்குப் பழக்கமான இடத்திலிருந்தே தொடங்குகிறேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்திலிருந்து.

நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் சிறுவர் சம்பந்தமான வேலைகளைப் பார்த்து ஓய்வுபெற்றவள். என் அம்மா கொழுந்தெடுத்தவர். ஆகவே மடுவத்துத் தொட்டிலிலும் கிடந்திருக்கிறேன், மடுவத்தைப் பற்றிய ஃபைல்களையும் சுமந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

மலையகத்தில் ஒரு பிள்ளை ஐந்து வயது நிரம்பி, வெள்ளைச் சீருடை போட்டுத் தரம் ஒன்றுக்குப் போய்விட்டால் அது அரசாங்கத்தின் பிள்ளை. புத்தகம், சீருடைத் துணி, ஆசிரியரின் சம்பளம் எல்லாவற்றுக்கும் கல்வித் திணைக்களம் பொறுப்பு. அதற்கு முந்தின நாள் வரைக்கும் அது தோட்டத்துப் பிள்ளை. துரை, அதாவது தோட்டத்து மனேஜர், பார்த்துக்கொள்வார், கம்பனி பார்த்துக்கொள்ளும் என்று விடப்பட்ட பிள்ளை. ஒரு மனிதனின் மூளையும் உடம்பும் அதிவேகமாக வளர்கிற காலம் முழுவதும் அந்த முதல் ஐந்து வருடத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்தக் காலத்துக்குத்தான் நமக்குச் சரியான பொறுப்பாளி இல்லை.

இது எப்படி வந்தது? வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டம் என்பது தனி இராச்சியம். பள்ளிக்கூடம், மருந்து, வீடு, பிள்ளை பார்ப்பது எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே. தோட்டத்தில் ஒரு பிள்ளை பிறந்தால், அந்தப் பிறப்பைப் பதிவாளருக்கு அறிவிப்பதே துரையின் கடமையாகத்தான் சட்டத்தில் இருந்தது. 1939ஆம் வருடத்து மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. பிறகு பிள்ளைகளைப் பராமரிக்கும் மடுவமும், வேலை நேரத்தில் தாய் பால் கொடுக்கும் இடைவேளையும் அந்தச் சட்டத்தின்கீழ் முதலாளியின் கடமைகள் ஆயின. அன்றைக்கு அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் பிள்ளை என்பது ஒரு தொழிலாளியின் பிள்ளை. நாட்டின் பிள்ளை அல்ல. 1948இல் பிரஜாவுரிமையே பறிபோன ஜனங்களுக்கு அது வித்தியாசமாகத் தெரிந்திருக்காது என்பது வேறு கதை.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோது, தோட்டப் பாடசாலைகளையும் அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியது. ஒரே அறை, ஒரே வாத்தியார், அஞ்சாம் வகுப்போடு சரி என்றிருந்த பள்ளிக்கூடங்கள் அவை. பொறுப்பெடுத்த பிறகும் குறைகள் ஆயிரம் இருந்தன, இருக்கின்றன. இருந்தாலும் இன்றைக்கு நம் ஊரில் ஆசிரியை, தாதி, கிராம உத்தியோகத்தர் என்று நிற்கிற பிள்ளைகளைக் கேளுங்கள். அந்த மாற்றம் இல்லாமல் அவர்கள் இல்லை. தோட்ட ஆஸ்பத்திரிகளை 1990களிலிருந்து அரசாங்கம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தது. அது இன்னும் அரைகுறை. பிள்ளை மடுவம் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

சும்மா நின்றது என்று சொன்னால் பாவம். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோது, நாமெல்லாம் ‘ட்ரஸ்ட்’ என்று சொல்கிற பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் உருவானது. அரசாங்கம், கம்பனி, தொழிற்சங்கம் மூன்றும் அதில் உண்டு. தொட்டிலும் புகையும் மூத்திர வாடையுமாக இருந்த மடுவங்கள் பல, சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறின. பிள்ளை பார்க்கும் ஆயம்மாவின் இடத்துக்குப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் வந்தார்கள். 2015இல் உலக வங்கி 5 கோடி டொலர் கடன் கொடுத்து நாடு முழுவதற்குமாக ஒரு முன்பிள்ளைப் பருவத் திட்டம் தொடங்கியபோது, தோட்டத்து நிலையங்களையும் அதில் சேர்த்தார்கள். புதுக் கட்டடம், வண்ணச் சுவர், சின்ன நாற்காலி. பார்க்க ஆசையாக இருக்கும்.

ஆனால் திட்டம் என்றால் ஒரு நாள் முடியும். பிள்ளைகள் வருடா வருடம் பிறந்துகொண்டே இருப்பார்கள்.

ஒரு கூரைக் கதை சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். தென்மேற்குப் பருவமழைக் காலம். மடுவத்துத் தகரக் கூரை ஒழுகுகிறது. அந்தப் பிள்ளை, உத்தியோகம் பார்க்கிற பெண்ணைத்தான் சொல்கிறேன், ஒழுகுகிற இடத்தில் கஞ்சிக் குண்டானை வைத்துவிட்டு, பாய்களையெல்லாம் கதவோரம் இழுத்துப் போட்டு, பத்துப் பன்னிரண்டு குழந்தைகளை ஒரு மூலையில் படுக்க வைத்திருந்தாள். ஒன்று தூங்கினால் ஒன்று எழும்பும். தோட்டத்து ஆபிசில் கேட்டோம். கட்டடம் திட்டத்தில் கட்டியது, எங்கள் கணக்கில் இல்லை என்றார்கள். திட்டத்துக்காரர்கள், கட்டி ஒப்படைத்தாயிற்று, பராமரிப்பு தோட்டத்துக்கு என்றார்கள். எங்கள் செயலகத்தில் கணக்காளர், காணி நம்முடையது இல்லையே, எந்தத் தலைப்பில் காசு போடுவது என்றார். அவர் சொன்னதும் பிழையில்லை. காணி அரசாங்கத்தினுடையது, ஆனால் நீண்டகாலக் குத்தகையில் கம்பனியிடம் இருக்கிறது. நாம் ஓட்டுப் போட்டுத் தெரிவுசெய்கிற பிரதேச சபையில், தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் தராது என்றார்கள். கடிதம் இப்படியே சுற்றிச் சுற்றி வந்து, அதற்குள் மழைக்காலம் முடிந்தது. கூரை ஒழுகவில்லை. ஃபைலும் மூடப்பட்டது.

இதில் ஒருவரும் கெட்டவர் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆளாளுக்கு ஒரு சட்டம் காட்டினார்கள், எல்லாம் உண்மையான சட்டம்.

இப்போது இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறேன். தடுப்பூசி. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எந்த வீட்டைத் தட்டினாலும், நீல அட்டையோ ரோஸ் அட்டையோ போட்ட சிறுவர் சுகாதாரப் பதிவேட்டைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிப் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஊசி போடாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏன் இது மட்டும் நடக்கிறது? பணம் கூட என்பதால் அல்ல. மிட்வைஃப் மிஸ் என்று நாம் கூப்பிடுகிற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர், இன்ன பிரிவில் இன்னின்ன பிள்ளைகள் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார். பிள்ளை வராவிட்டால் அவரிடம் கேள்வி வரும். அவருக்கு மேலே சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்கு மேலே இன்னொருவர். பாதை ஒன்றுதான். தமிழ் பேசுகிற மிட்வைஃப் போதாது என்பது பழைய குறை, அது வேறு. ஆனாலும் முறை சரியான முறை.

அந்த மாதிரி ஒரு பெயர், ஒரு பதிவேடு, ஒரு பாதை, பிள்ளையின் படிப்புக்கும் பராமரிப்புக்கும் ஏன் இருக்கக்கூடாது? என் கோரிக்கை அவ்வளவுதான்.

இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க ஒரு கணக்கு இருக்கிறது. 2016ஆம் வருடத்துக் குடிசன சுகாதார ஆய்வில், நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டத்துறையில் 32 பேர். மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சாப்பாடு கொடுக்கத் தெரியவில்லை’ என்று தாய்மாரைத் திட்டுகிறவர்களை மேடையிலும் பார்த்திருக்கிறேன், கிளினிக்கிலும் பார்த்திருக்கிறேன். கிளினிக்கில் கொடுக்கிற ஒரு திரிபோஷா சத்துமாப் பாக்கெட்டை வீட்டில் நாலு பேர் பங்கு போட்டுச் சாப்பிடுகிறார்கள் என்று குறை சொல்வார்கள். வீட்டில் நாலு பிள்ளை பசியோடு இருந்தால் எந்தத் தாய் ஒன்றுக்கு மட்டும் ஊட்டுவாள்?

பால் கொடுக்கும் இடைவேளையை எடுங்கள். ஒன்பது மணி நேர வேலையில் இரண்டு தடவை என்று சட்டம் சொல்கிறது. மடுவம் இருந்தால் தடவைக்கு அரை மணி நேரம், இல்லையென்றால் ஒரு மணி நேரம். கொழும்பில் மேசையில் உட்கார்ந்து எழுதியவருக்கு இது நியாயமாகப் பட்டிருக்கும். இன்றைக்கு மேமலையில் கொழுந்தென்றால், அங்கிருந்து மடுவத்துக்கு இறங்கவே கால் மணி நேரம். இடுப்பில் கட்டிய ரெட்டுத் துணியையும் கூடையையும் கழற்றி, கையைக் கழுவி, அட்டை கடித்த காலைத் துடைத்து, பிள்ளையை மடியில் போடும்போது அரை மணியில் பாதி போயிற்று. திரும்ப ஏறியாக வேண்டும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். ஆகவே இரண்டாவது தடவை அவள் இறங்குவதில்லை, பிள்ளைக்குப் போத்தல் பால். மடுவம் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது, பிள்ளைக்குத் தாய்ப்பால் இல்லை. மடுவம் எங்கே இருக்க வேண்டும், இடைவேளை எவ்வளவு என்று மலையேறிப் பார்த்துத் தீர்மானிக்கிற அதிகாரி ஒருவர் இல்லாததுதான் இதில் குறை.

சரி, அப்படியானால் எல்லா மடுவத்தையும் அரசாங்கம் எடுத்து முன்பள்ளி ஆக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். எடுக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. உத்தியோகத்தரின் சம்பளம் அரசாங்கக் கணக்கில் வர வேண்டும். மடுவம் நிற்கிற சில பேர்ச் காணியைக் குத்தகையிலிருந்து பிரித்துப் பிரதேச செயலகத்திடம் கொடுக்க வேண்டும். ஆனால் ஒரு பயம் எனக்கு. முன்பள்ளி காலையில் தொடங்கிப் பகலுக்கு முன்னே முடிகிறது. பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க, போகிற தாய் விடியற்காலையில் பிள்ளையை விட்டுவிட்டு மாலையில்தான் வருவாள். மடுவம் முழு நாளும் பிள்ளையைப் பார்க்கிறது, கைக்குழந்தையையும் பார்க்கிறது. பாட்டும் படமும் நல்ல டீச்சரும் வருகிறார்கள் என்று அதை அரை நாள் ஆக்கினால், மிச்ச அரை நாளுக்குப் பாட்டியை அல்லது ஏழாம் வகுப்பில் படிக்கிற அக்காவைத் தேடுவார்கள். அக்காவின் பள்ளிக்கூடம் அதோடு சரி. நல்லது செய்கிறேன் என்று இப்படி ஒன்றைச் செய்துவிடக்கூடாது.

இன்னொன்று, மடுவத்துக்கு உரிமை யாருக்கு? செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்கள் பதிவேட்டில், பெயர் இருக்கிற தாயின் பிள்ளைக்கு என்பதுதான் பழைய கணக்கு. சில தோட்டங்களில் மனமிருந்து மற்றப் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள், சில இடங்களில் முகத்தைப் பார்த்துச் சேர்க்கிறார்கள். இன்றைக்கு லயத்தில் இருக்கிற எத்தனை தாய்மார் தோட்டத்தில் பெயர் பதிந்தவர்கள்? ஒருத்தி கைக்காசுக்கு மரக்கறித் தோட்டத்துக்குப் போகிறாள், ஒருத்தி கார்மெண்டுக்குப் போகிறாள், ஒருத்தி குவைத்தில். பிள்ளை மட்டும் அதே லயத்தில். தாயின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று பார்க்காமல், பிள்ளை எங்கே வசிக்கிறது என்று பார்த்துச் சேர்ப்பதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

இதையெல்லாம் செய்ய வேண்டிய அலுவலகங்களின் நிலைமையையும் சொல்லத்தான் வேண்டும். 2012ஆம் வருடத்துக் குடிசன மதிப்பீட்டில் அம்பகமுவ என்ற ஒரே ஒரு பிரதேச செயலகப் பிரிவில் இரண்டு இலட்சத்துக்கு மேல் ஜனங்கள். முல்லைத்தீவு மாவட்டம் முழுவதையும் சேர்த்தால்கூட அதில் பாதி வராது. முல்லைத்தீவு மக்களுக்கு அதிகமாகக் கிடைத்துவிட்டது என்று சொல்ல வரவில்லை, அவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். இவ்வளவு ஜனத்துக்கு ஒரு கந்தோரும் ஒரு கியூவும் என்றால், அங்கே ஒரு சிறுவர் உத்தியோகத்தர் எத்தனை மடுவத்துக்குப் போவார்? நோர்வூட், தலவாக்கலை என்று புதிய பிரிவுகள் பிறகு வந்தன. பலகை மாட்டியாயிற்று, ஆளணி முழுதாக வர வேண்டும். முன்பள்ளிகள் மாகாண சபைக்குரிய விடயம் என்கிறார்கள், அந்த மாகாண சபைகளுக்கோ பல வருடமாகத் தேர்தலே இல்லை.

பிரதேச சபைக்கு வருவோம், ஏனென்றால் நம் கைக்கு எட்டுகிற இடம் அது. தோட்டத்துக்குள் செலவு செய்யத் தடையாக இருந்தது 1987ஆம் வருடத்துப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. அந்தச் சட்டத்தை 2018இல் திருத்திவிட்டார்கள். அதே வருடம் நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை என்று புதிய பிரதேச சபைகளும் வேலையைத் தொடங்கின. ஆகவே தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் விடாது என்ற பழைய பதில் இனிச் செல்லாது. ஆனாலும் சபை வரவுசெலவுத் திட்டத்தில் கொங்கிரீட் பாதைக்கும் வளைவுக்கும் பெயர்ப் பலகைக்கும் காசு வருகிற அளவுக்கு மடுவத்துக் கூரைக்கு வருவதில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஓட்டு இல்லையே. கோயில் கட்டுவதற்குக் கமிட்டி போட்டு நாலு தோட்டம் ஏறி இறங்குகிற நம் ஆட்களும் மடுவத்துக்குக் கமிட்டி போட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. இது எனக்கும் சேர்த்துத்தான்.

கையில் இருக்கிற ஒரு வழியைச் சொல்லி முடிக்கிறேன். 2016ஆம் வருடத்து 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பிரதேச சபையிடமும் பிரதேச செயலகத்திடமும் எந்தப் பிரஜையும் தகவல் கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம், அதை எழுதிக்கொள்வது தகவல் உத்தியோகத்தரின் கடமை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானம் சொல்லியாக வேண்டும். கேட்க வேண்டியவை மூன்று. எங்கள் டிவிஷன் பிள்ளை மடுவத்துக்கு இந்த வருடம் ஒதுக்கிய பணம் எவ்வளவு? கட்டடத்தைப் பராமரிப்பது எந்த அலுவலகம்? அதற்குப் பொறுப்பான உத்தியோகத்தரின் பதவி என்ன? பதில் ‘ஒன்றுமில்லை’ என்று வந்தாலும் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். சபை அடுத்த வரவுசெலவுத் திட்டத்தை எடுக்கிற கூட்டத்துக்கு முன்னால் உங்கள் உறுப்பினரின் கையில் அதன் பிரதி ஒன்றைக் கொடுத்துவிட்டு, வாங்கியதற்குக் கையெழுத்தும் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.