பம்பை கழட்டிப் பூட்டினாப் பிறகு லொறி இழுக்குதில்லை, ரைமிங்கை கூட்டலாமோ?

சரி, அடுத்த கேள்வி. மாங்குளம் பக்கத்தில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். லேலண்ட் லொறி, ஆறு சிலிண்டர், கிரவல் ஏத்துறவராம். இஞ்செக்ஷன் பம்பை, அதுதான் சிலிண்டருக்கு டீசல் அடிக்கிற பம்பை, வவுனியாவில கலிபிரேசனுக்கு (அளவு சரிபாக்க) குடுத்து எடுத்து தானே பூட்டினவராம். பூட்டினதில இருந்து காலமையில வெள்ளைப் புகை, லோட்டோட இழுவை இல்லை, ரெண்டு மூண்டு பேர் "பம்பை கொஞ்சம் திருப்பி ரைமிங்கை கூட்டு, பறக்கும்" எண்டு சொல்லியிருக்கினம், செய்யலாமோ எண்டு கேக்கிறார்.

தம்பி, காதால கேட்டு கூட்டாதேங்கோ. முதல் அதை சொல்லிப்போட்டு மிச்சத்தை சொல்லுறன். ரைமிங் எண்டுறது டீசல் சிலிண்டருக்குள்ள பாயத் தொடங்குற நேரம், கூட்டுறது எண்டா அதை முந்தப் பண்ணுறது. எங்கட பக்கத்தில இது ஒரு பழக்கம், இஞ்சின் ஓடேக்க பம்பை இளக்கிப்போட்டு அங்கால இஞ்சால ஆட்டி சத்தம் "கணீர்" எண்டு வந்தவுடன இறுக்குறது. அந்த கணீர் சத்தம் பவர் இல்லை. டீசல் நேரத்தோட பாய்ஞ்சு, பிஸ்டன் மேல ஏறி முடியிறதுக்கு முதலே கனக்க எரியுது, அந்த அடிதான் உங்களுக்கு கேக்குது. கொஞ்ச நாள் நல்லா இழுக்கிற மாதிரித்தான் இருக்கும், பேந்து கெட் கேஸ்கட் போகும், பிஸ்டன் தலை போகும். நானும் சின்னனில அப்பிடி ஒண்டை செய்து, நெல் ஏத்துற சீசன் நடுவில ஒரு ஆளின்ர இஞ்சினை இறக்கி வைச்சவன்தான், ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை.

கலிபிரேசன் செய்த ஆளிலயும் பிழை சொல்லாதேங்கோ. அவர் பெஞ்சில வைச்சு பாக்கிறது ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் போகுது, ஒண்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில 60 டிகிரி சரியா இருக்கோ எண்டது. பம்ப் இஞ்சினோட எந்த இடத்தில சேருது எண்டது பூட்டுற ஆளின்ர வேலை. பம்ப், பிஸ்டனுகள் சுத்துற கிராங் தண்டின்ர பாதி வேகத்தில சுத்துறது எண்டபடியா பம்பில ஒரு டிகிரி பிசகினா கிராங்கில ரெண்டு டிகிரி. கியர் ஒரு பல்லு மாறி விழுந்திருந்தா கிராங்கில பத்து டிகிரி பக்கம் போயிடும்.

காலமை வெள்ளைப் புகை, கண் எரியிற மணம், இழுவை இல்லை, சூடு கூட எண்டா ரைமிங் பிந்தியிருக்க நல்ல சான்ஸ் இருக்கு. எண்டாலும் பம்பில கை வைக்க முதல் எயார் பில்டரை கழட்டி பாருங்கோ, கிரவல் றோட்டில ஓடுற லொறிக்கு அது செம்மண் மூட்டையாத்தான் இருக்கும், ஆனா அடைச்ச பில்டருக்கு வாறது கறுப்புப் புகை, வெள்ளை இல்லை. டீசல் பில்டர், லைனில எயார், வால்வு கிளியரன்ஸ், நொசில் (டீசலை விசிறுற முனை), இதுகளையும் ஒருக்கா பாத்துப்போட்டு வாங்கோ. இன்னொண்டு, சூட்டில நிப்பாட்டினா பிறகு ஸ்டார்ட் வர கஸ்டப்பட்டு குளிரினவுடன வந்திட்டுது எண்டா அது ரைமிங் இல்லை, அனேகமா பம்புக்க டீசலை அமத்தித் தள்ளுற பிளஞ்சரின்ர தேய்மானம். டீசல் இல்லாத காலங்களில மண்ணெண்ணை கலந்து ஓடின வண்டியளில இது கனக்க கண்டிருக்கிறன், மண்ணெண்ணையில வழுக்குத்தன்மை குறைவு, பிளஞ்சரை தின்னும்.

இப்ப ரைமிங் பாக்கிற முறை. இது வரிசையில இருக்கிற பம்புக்கு, இன்லைன் பம்ப் எண்டுறது. சின்ன கன்ரர், எல்ஃப் வண்டியளில வாற உருண்டை பம்புக்கு டயல் கேஜ் வேணும், அது வேற கதை. கியர் நியூற்றல், ரயருக்கு கட்டை, பற்றறி கேபிளை கழட்டுங்கோ. ஒண்டாம் சிலிண்டர் கொம்பிரசனில மேல வரோணும். எப்பிடி தெரியும்? ஒண்டாவதின்ர வால்வை அமத்துற ரெண்டு ரொக்கரும் ஆட்டினா ஆடும், ஆறாவதின்ர வால்வு ரெண்டும் ஒண்டு மூடி மற்றது திறக்கிற நிலையில இருக்கும். இதை பாக்காமல் மார்க்கை மட்டும் பாத்தா 360 டிகிரி பிழையில நிப்பியள். பேந்து இஞ்சினை கால் சுத்து பின்னுக்கு திருப்பி, பிளைவீலிலயோ முன் புல்லியிலயோ (பெல்ட் ஓடுற சில்லு) இருக்கிற டிகிரி மார்க் வர முதல் நிப்பாட்டுங்கோ. எத்தினை டிகிரி எண்டு நான் சொல்ல மாட்டன், ஒவ்வொரு மாடலுக்கும் வேற, உங்கட இஞ்சின் தகட்டிலயோ புத்தகத்திலயோ இருக்கும், பக்கத்து வீட்டு லொறியின்ரய கொண்டு வந்து போடாதேங்கோ.

பம்பில ஒண்டாம் பைப்பை கழட்டி, டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் வெளிய எடுத்து சுத்தமான டீசலில போட்டு வையுங்கோ, அந்த வால்வும் அதின்ர சீற்றும் சோடி, மற்றதோட மாத்தக்கூடாது, செம்மண் ஒரு துளி கூட படக்கூடாது. அந்த வால்வை மூடுற கோல்டரை திரும்ப பூட்டி, வளைஞ்ச ஒரு குட்டி பைப்பை போடுங்கோ. ஸ்டொப் லீவர் ஓடுற நிலையில, அக்சிலேற்றர் முழுக்க. ஒரு ஆள் ஃபீட் பம்பை கையால அடிக்க, நீங்கள் இஞ்சினை ஓடுற பக்கத்துக்கு மட்டும் மெல்ல மெல்ல திருப்புங்கோ. டீசல் ஒழுகி ஒழுகி வந்து, துளியா குறைஞ்சு, நிக்கப் போற இடம்தான் இஞ்செக்ஷன் தொடங்குற இடம். தாண்டிப் போனா அப்பிடியே பின்னுக்கு இழுத்து மார்க்கில நிப்பாட்டாதேங்கோ, கால் சுத்து பின்னுக்கு போய் திரும்ப முன்னுக்கு வாங்கோ, கியருக்க இருக்கிற லூஸ் உங்களை ஏமாத்திப்போடும்.

மார்க் வர முதலே நிண்டிட்டுது எண்டா ரைமிங் முந்தியிருக்கு. மார்க்குக்கு வந்தும் ஒழுகுது எண்டா பிந்தியிருக்கு, உங்கட கேஸ் இதாத்தான் இருக்கும். கப்ளிங் (சாவ்ற்றை இணைக்கிற துண்டு) போட்ட பம்ப் எண்டா இஞ்சினை மார்க்கில வைச்சு கப்ளிங் போல்ட்டை இளக்கி, பம்ப் சாவ்ற்றை அது சுத்துற பக்கத்துக்கே துளி நிக்குமட்டும் திருப்பி இறுக்குங்கோ. கப்ளிங் இல்லாமல் பிளாஞ்சில (பம்பின்ர முகத்தட்டு) நேரா பூட்டினது எண்டா பம்ப் உடம்பை சாவ்ற் சுத்துற பக்கத்துக்கு எதிரா திருப்பினா முந்தும். இளக்க முதல் பழைய இடத்தில உளியால ஒரு கோடு போட மறக்காதேங்கோ. இறுக்கினாப் பிறகு இன்னொருக்கா ரெண்டு சுத்து சுத்தி வந்து பாருங்கோ, இறுக்கேக்க அசையும். திருப்ப இடமில்லாமல் போல்ட் நகருற நீள ஓட்டை முடிஞ்சுது எண்டா கியர் பல்லு மாறி விழுந்திருக்கு, பம்பை கழட்டித்தான் ஆகோணும்.

எல்லாம் பூட்டி எயார் எடுத்து ஸ்டார்ட் பண்ணேக்க இளக்கியிருக்கிற பைப்புக்கு முன்னால கை நீட்டாதேங்கோ, அந்த பிரசரில டீசல் தோலுக்குள்ளால போகும், பாத்தா சின்ன புள்ளி மாதிரித்தான் தெரியும், உடன ஆசுபத்திரிக்கு போகோணும். ஓட்டிப் பாத்திட்டு தகட்டில இருக்கிற டிகிரியையும், புகை இப்ப என்ன நிறம் எண்டதையும் கீழ எழுதிவிடுங்கோ தம்பி.