ஒன்பது நிமிடம்தான்

வணக்கம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பாதிப் பேர் கிளம்பிவிடுவீர்கள் என்று நினைத்தேன். அப்படியே உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளியே மழை பெய்வதும் ஒரு காரணமாக இருக்கலாம். எதுவானாலும் சரி, எனக்கு லாபம்தான்.

தாமதமாக வந்து கதவோரம் நின்றவர்களுக்காகக் கதையை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். 'தி ஸ்டேஷன் ஏஜென்ட்', 2003-ல் வந்த அமெரிக்கப் படம். டாம் மெக்கார்த்தி எழுதி இயக்கிய முதல் படம். ஃபின் என்பவன் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோபோகென் என்ற ஊரில், பொம்மை ரயில் விற்கும் கடையின் பின்னறையில் உட்கார்ந்து பழுது பார்க்கிறவன். கடைக்காரர் ஹென்றிதான் அவனுக்கு இருக்கும் ஒரே நண்பர். அவர் ஒருநாள் கடையிலேயே சரிந்து விழுந்து இறந்துபோகிறார். உயிலைப் பார்த்தால், நியூஃபவுண்ட்லேண்ட் என்ற இடத்தில் கைவிடப்பட்ட ஒரு பழைய ரயில் நிலையக் கட்டடத்தை இவன் பெயருக்கு எழுதிவைத்திருக்கிறார். கனடாவில் இருக்கும் பெரிய தீவைச் சொல்லவில்லை. இது நியூ ஜெர்சியிலேயே இருக்கும் சின்ன ஊர். ஃபின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தின் மேலேயே நடந்து அங்கே போய்ச் சேர்கிறான். தனியாக இருக்கலாம் என்று போகிறவனை இரண்டு பேர் தனியாக இருக்க விடுவதில்லை. கதை அவ்வளவுதான்.

ஃபின் உயரம் நாலடி ஐந்து அங்குலம். நடித்தவர் பீட்டர் டிங்க்லேஜ். உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்கு அவரை டிராகன்கள் பறக்கும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் தெரிந்திருக்கும். அதற்கு எட்டு வருடம் முன்னால் நடித்த படம் இது. மெக்கார்த்தி முதலில் இந்தப் பாத்திரத்தை உயரம் குறைந்த மனிதனாக எழுதவில்லை. மனிதர்களை விட்டு ஒதுங்கி ரயிலோடு வாழ்கிற ஒருவன், அவ்வளவுதான் முதல் யோசனை. டிங்க்லேஜை ஏற்கெனவே நாடகத்தில் இயக்கியிருக்கிறார். அவரை மறுபடி சந்தித்த பிறகுதான் பாத்திரத்தை அவருக்காக மாற்றினார். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், படத்தின் வேர் எது என்று இதில் தெரிகிறது. முதலில் வந்தது தனிமை. உடம்பு அப்புறம் வந்து சேர்ந்தது.

நம் படங்களில் உயரம் குறைந்தவர் ஒருவர் வந்தாலே பின்னணியில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும். அரங்கம் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன், மறைக்க விரும்பவில்லை. இந்தப் படத்தில் அந்த 'டொய்ங்' சத்தம் திரைக்குள் இருக்கும் ஊர்க்காரர்களிடம் இருக்கிறது. ஃபின் கடைக்குள் போகிறான், கடைக்கார அம்மாள் ஒரு வார்த்தை கேட்காமல் கேமராவை எடுத்துப் படம் பிடிக்கிறார். தெருவில் போகும்போது, ஏழு குள்ளர்களோடு வாழும் கதை இளவரசி ஸ்னோ ஒயிட் எங்கே என்று பையன்கள் கேட்கிறார்கள். நூலகத்தில் இருக்கும் பெண் அவனைத் திடீரென்று பார்த்ததும் அலறிவிடுகிறாள். ஃபின் முகத்தைக் கவனித்தீர்களா? கோபம் கூட இல்லை. தினமும் ஒரே பேருந்தில் போகிறவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது போல இருக்கிறான். மனிதர்கள் வேண்டாம் என்று அவன் முடிவெடுத்ததற்கு இயக்குநர் ஒரு வரி வசனம்கூட எழுதவில்லை. தேவைப்படவும் இல்லை.

சரி, இப்போது ஜோவுக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இந்தப் படமே ஜோதான்.

ஜோ, பாபி கன்னவாலே நடித்த பாத்திரம். கியூபா வம்சாவளி. மன்ஹாட்டனில் இருந்த ஆள், அப்பாவுக்கு உடம்பு முடியாததால் அவருடைய காபி, ஹாட் டாக் வண்டியைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறான். வண்டி நிற்பது ஃபின்னின் வாசலில். யாருமே வராத இடம். அவன் வாய் ஓய்வதே இல்லை. தனிமை என்றதும் நாம் மூலையில் உட்கார்ந்திருப்பவனைத்தான் தேடுகிறோம். கல்யாண வீட்டில் எல்லோரிடமும் சத்தமாகப் பேசிக்கொண்டே பந்தி பரிமாறுகிற ஒருவர் இருப்பார் பாருங்கள், வீட்டுக்குப் போனால் அவரிடம் பேச யாரும் இருக்க மாட்டார்கள். அதை நாம் கவனிப்பதில்லை. ஜோ அந்த வகை.

ஃபின்னைத் தனியாக இருக்க விடாத இன்னொருத்தி ஒலிவியா. அவளும் ஃபின்னும் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஜோ கேட்கிறான்: நீங்கள் அப்புறம் ஏதாவது செய்வதாக இருந்தால் நானும் வரட்டுமா? நாங்கள் எதுவும் செய்யப் போவதில்லை என்கிறான் ஃபின். சரி, ஆனால் செய்தால் நானும் வரலாமா? மறுபடியும் கேட்கிறான். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன். மூன்றாவது தடவை சிரிக்க முடியவில்லை. நாற்பது வயதுக்குப் பிறகு யாரிடமாவது இப்படி நேராகக் கேட்டிருக்கிறோமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது அந்தப் புத்தகக் காட்சி. ஃபின் வெளியே உட்கார்ந்து படிக்கிறான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறேன், பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஜோ உட்காருகிறான். கொஞ்ச நேரம் கழித்துத் தாங்க முடியாமல் வாயைத் திறக்கிறான். பேச மாட்டேன் என்றாயே என்கிறான் ஃபின். இருபது நிமிடமாக ஒன்றும் பேசவில்லையே என்கிறான் ஜோ. ஒன்பது என்கிறான் ஃபின்.

ஜோவுக்கு ஆச்சரியம். நேரம் பார்த்தாயா?

பார்த்திருக்கிறான். இதை வெறும் நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் ஒருவன் பக்கத்தில் இருப்பதைத் துளியும் பொருட்படுத்தாதவன் கடிகாரத்தைப் பார்க்க மாட்டான். ஃபின் அந்த ஒன்பது நிமிடமும் ஜோவைப் படித்துக்கொண்டிருந்தான், புத்தகத்தை அல்ல.

இங்கே ஒரு சொந்தக் கதை. என் அப்பா ரயில்வேயில் இருந்தவர். சிவகங்கைப் பக்கம் ஒரு மீட்டர்கேஜ் ஸ்டேஷனில் சில வருடங்கள் மாஸ்டராக இருந்தார். ஒரு நாளைக்கு நாலைந்து வண்டிதான் வரும். சாயங்காலம் ஒருவர் வந்து பிளாட்பார பெஞ்சில் உட்காருவார். எந்த ஊருக்கும் போக மாட்டார், யாரையும் ஏற்றிவிட வர மாட்டார். ஆறரை மணி வண்டி போனதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். வேலை இல்லாத நேரத்தில் அப்பாவும் போய் அந்த பெஞ்சின் மறுமுனையில் உட்காருவார். இரண்டு பேரும் அதிகமாகப் பேசி நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோது அந்த மனிதர் ஒரு தார் வாழைப்பழத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவர் பெயர் என்ன என்று அப்பாவைக் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லையே என்றார்.

இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த பெஞ்ச் எனக்கு ஞாபகம் வருகிறது. காரணம், படத்தில் இந்த மூவரும் உட்காரும் விதம். அடுத்த முறை பார்த்தால் கவனியுங்கள். எதிரும் புதிருமாக உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுகிற காட்சி மிகக் குறைவு. தண்டவாளத்தின் மேல் ஒருவர் பின் ஒருவராக நடக்கிறார்கள். ஓடுகிற ரயிலுக்கு இணையாக ஜோ வண்டியை ஓட்ட, ஃபின் ஒலிவியா கொடுத்த கேமராவில் அதைப் படம் பிடிக்கிறான். பிறகு மூவரும் ஒலிவியா வீட்டில் வரிசையாக உட்கார்ந்து அந்த ரயிலைப் பார்க்கிறார்கள். எங்கேயும் எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம். நம் திண்ணையும் அப்படித்தானே இருந்தது? இரண்டு பேர் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். முகத்தை முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேச்சு வந்தால் வரும், வராவிட்டால் மாடு போவதைப் பார்க்கலாம். வாழ்நாள் முழுக்க முறைத்துப் பார்க்கப்பட்ட ஒருவனுக்கு, தன்னைப் பார்க்காமல் தன்னோடு சேர்ந்து வேறொன்றைப் பார்க்கிற ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆசுவாசம்! ரயில் இந்தப் படத்தில் அதற்காகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒலிவியாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாட்ரீஷியா கிளார்க்சன் அற்புதமான நடிகை. இந்த நடிப்புக்காக 2003-ல் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழு தனிப் பரிசு கொடுத்தது. மகனை இழந்தவள், கணவனைப் பிரிந்தவள், படம் வரைகிறவள். காரோட்டும்போது கவனம் சிதறி ஃபின்னை ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை இடித்துத் தள்ளப் பார்க்கிறாள். இது கொஞ்சம் ஜோடித்த மாதிரி இருக்கிறது என்று ஒருவர் இடைவேளையில் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பின்பாதியில் அவள் மாத்திரை விழுங்குவது அதைவிட அதிகமாக உறுத்தியது. அதுவரை எதையும் வற்புறுத்தாமல் போன கதை, திரைக்கதைக்கு ஒரு நெருக்கடி வேண்டுமே என்று அந்த இடத்தில் திடீரென்று பதறுகிறது. மிஷெல் வில்லியம்ஸ் நடித்த நூலகப் பெண்ணின் காதலன் பாத்திரமும் அட்டையில் வெட்டியது போல் இருக்கிறது. முதல் படம்தானே என்று விட்டுவிடலாம்.

மதுக்கடைக் காட்சியை அப்படி விட முடியாது. ஃபின் குடித்துவிட்டு மதுக்கடை மேடைமேல் ஏறி நின்று, இதோ இருக்கிறேன், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கத்துகிறான். படம் முழுக்க அவன் குரல் உயர்வது அநேகமாக அங்கே மட்டும்தான். அதன் பிறகு தண்டவாளத்தில் போய் விழுந்து கிடக்கிறான், மேலே ரயில் போகிறது. காலையில் எழுந்தால் அவன் உயிரோடு இருக்கிறான், பாக்கெட் கடிகாரம்தான் நொறுங்கிக் கிடக்கிறது. கடிகாரம் உடைந்ததற்கு என்ன குறியீடு என்று என்னைக் கேட்காதீர்கள். ஒன்பது நிமிடத்தை இனி அவனால் எண்ண முடியாது, நான் அவ்வளவுதான் நினைத்துக்கொண்டேன்.

படத்தின் செலவு சுமார் 5 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் இது டீ செலவு. சண்டான்ஸில் பார்வையாளர் விருதும் திரைக்கதை விருதும் வாங்கியது. பிரிட்டனின் பாஃப்டா விழாவிலும் சிறந்த அசல் திரைக்கதை விருது இதற்குத்தான். மெக்கார்த்தி அடிப்படையில் நடிகரும்கூட. ஒரு தொலைக்காட்சித் தொடரில் செய்தியை இட்டுக்கட்டி எழுதுகிற பத்திரிகையாளராக நடித்தார். பிறகு நேர்மையான பத்திரிகையாளர்களைப் பற்றி 'ஸ்பாட்லைட்' எடுத்தார், 2016-ல் அதற்குச் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. பாவத்தைக் கழுவிக்கொண்டார் போல.

கிளியோ என்ற அந்தச் சின்னப் பெண்ணைச் சொல்லாமல் முடித்தால் என் மனைவி திட்டுவாள். ரேவன் குட்வின் நடித்தது. ஊரிலேயே ஃபின்னைப் பார்த்து வியப்போ பரிதாபமோ காட்டாதவள். நீ எந்த வகுப்பு என்று கேட்கிற மாதிரி இயல்பாகப் பேசுகிறாள். என் பள்ளிக்கு வந்து ரயிலைப் பற்றிப் பேசு என்று கூப்பிடுகிறாள். அவன் மறுக்கிறான். கடைசியில் போகிறான். அத்தனை பிள்ளைகள், அத்தனை கண்கள். அவன் வாழ்க்கை முழுக்கப் பயந்த இடம் அது. ஒரு பையன் உயரம் எவ்வளவு என்கிறான், இவன் சொல்கிறான். இன்னொருவன் ரயிலை விட்டுவிட்டு பிளிம்ப் பற்றிக் கேட்கிறான். அந்தக் காற்றடைத்த ஆகாயக் கப்பல். ஃபின் அதற்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறான்.

கடைசிக் காட்சியில் மூவரும் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். நூலகப் பெண்ணை வைத்து மற்ற இருவரும் ஃபின்னைச் சீண்டுகிறார்கள். பாதிப் பேச்சில் படம் முடிந்துவிடுகிறது. அவளிடம் போனானா, ஜோ மன்ஹாட்டனுக்குத் திரும்பிவிட்டானா, ஒலிவியா தேறினாளா என்று யாராவது கேட்பீர்கள். எனக்குத் தெரியாது, இயக்குநரும் சொல்லவில்லை.

நான் முடித்துக்கொள்கிறேன். கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள், பிளிம்ப் பற்றி மட்டும் வேண்டாம். கேள்வி இல்லாதவர்கள் மழை விடும்வரை சும்மா உட்கார்ந்திருக்கலாம். நான் நேரம் பார்க்க மாட்டேன்.