புதுப்புளி, பழம்புளி

நேயர்களுக்கு வணக்கம். புளியைக் கட்டியாகவும் டப்பாவில் விழுதாகவும் கடையில் வாங்கிப் பழகிவிட்டோம், அதில் எது புதுசு எது பழசு என்று கேட்பதே இல்லை, ஆனால் குழம்பின் ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது.

தை கடைசியில் தொடங்கிப் பங்குனி வரைக்கும் புளி உலுக்குகிற காலம். பெரும்பாலான பழங்கள் பழுக்கப் பழுக்கப் புளிப்பை இழக்கும். புளியம்பழம் அப்படி இல்லை; இனிப்பு ஏறும், புளிப்பைத் தருகிற டார்டாரிக் அமிலம் மட்டும் அப்படியே நிற்கும். காய்ந்த பழத்தை உடைத்து, ஓட்டைத் தள்ளி, நாரை உரித்து, சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டையை எடுத்து, வெயிலில் போட்டுக் கல் உப்பு தூவி மண்பானையில் அமுக்கி வைப்பார்கள். புதுசு செம்பழுப்பாக இருக்கும், வருடம் போகப் போகக் கறுக்கும். ரசத்துக்குப் புதுப்புளி, மீன்குழம்புக்கும் வத்தக்குழம்புக்கும் பழம்புளி. முடிந்தால் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் நாக்குக்கே தெரியும்.

அப்புறம், எப்போது ஊற்றுவது என்று ஒன்று இருக்கிறது. பருப்பும் காயும் வேகும் முன்பே புளித்தண்ணீரை ஊற்றிவிட்டால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் விறைத்துக்கொண்டே நிற்கும், அமிலம் அவற்றை இளகவிடாது. அதனால் சாம்பாரில் முக்கால் பதம் வெந்த பிறகுதான் புளி. வெண்டைக்காய்க்கு மட்டும் வதக்கும்போதே கொஞ்சம் தெளியுங்கள், வழவழப்பு அடங்கும். மீனின் கவிச்சியை அடக்குவதும் இதே புளிப்புதான், ஆனால் பச்சை வாசனை போகக் குழம்பு நன்றாகக் கொதித்த பிறகே மீனைப் போட வேண்டும்.

இவ்வளவும் கொடுக்கிற மரத்தை நாம் என்ன செய்தோம்? நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் குடை பிடித்து நின்றவை புளியமரங்கள். வருடா வருடம் மகசூலை ஏலம் விடுவார்கள், எடுத்தவர்கள் உலுக்க, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கொட்டை தட்டுவார்கள், அதில் பல வீடுகளுக்குக் கோடைக்கூலி கிடைத்தது. சாலையை அகலமாக்கும்போது ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்துவிட்டு நடுவில் அரளியை நட்டிருக்கிறோம். அந்தச் சாலைகளில் உச்சிவெயிலில் போகும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சரி, இனி நடலாம். விதை போட்டால் காய்க்கப் பல வருடம் ஆகும், பொறுமை இல்லை என்பவர்கள் ஒட்டுக்கன்று வாங்குங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம். 1 என்ற புளி ரகம் நாலைந்து வருடத்திலேயே காய்ப்புக்கு வந்துவிடும். மழை தொடங்கும்போது நட்டு, மரத்துக்கு மரம் முப்பது அடியாவது விட்டு, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். சொந்த நிலம் இல்லையென்றால் கண்மாய்க்கரையில் நட ஊராட்சியில் கேட்டுப் பாருங்கள்.