பகுதி சபைக்குப் போகுமுன்

பெரியோர்களே, தாய்மார்களே, குடியிருப்போர் நலச்சங்க நண்பர்களே, வணக்கம்.

கிராமத்துக்குக் கிராம சபை உண்டு. நகரத்தில் குடியிருப்பவருக்கு அப்படி ஒரு சபை வெகுகாலம் இல்லாமலே இருந்தது. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள ஊர்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் வாக்காளர்கள் கூடும் பகுதி சபைக்கும் விதிகள் வெளியானது 2022இல்தான். இதற்கிடையே 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மாநகராட்சிகளில் கவுன்சிலர்களே இல்லை. தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள். இவ்வளவு காத்திருந்து கிடைத்த சபை இது. அதைக் காலி நாற்காலிகளோடு நடக்கவிடுவது நமக்கு நாமே இழைக்கும் அநியாயம்.

இதன் அமைப்பு எளிது. ஒரு வார்டு பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. சென்னையில் 200 வார்டுகள், வார்டுக்குப் பத்துப் பகுதிகள். பிரிப்பது வாக்குச்சாவடிகளை வைத்துத்தான். உங்கள் பெயர் எந்தச் சாவடிப் பட்டியலில் இருக்கிறதோ அந்தப் பகுதியின் சபையில் நீங்கள் உறுப்பினர். யாரும் அழைக்க வேண்டியதில்லை, யாரும் தடுக்கவும் முடியாது. வார்டு குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர். பகுதிக்கு ஒருவராக நியமிக்கப்படுபவர்கள் உறுப்பினர்கள். இந்த உறுப்பினர்களை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை, மாமன்றம் நியமிக்கிறது. இது ஒரு பெரிய குறை என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்தக் குறையைச் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. தெருவிளக்கு எங்கே வேண்டும், பொதுக்குழாய் எங்கே வேண்டும், எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று முன்மொழியும் இடம் இந்தச் சபைதான்.

பெரும்பாலான கூட்டங்களில் நடப்பது என்ன? "எங்க தெருவுல தண்ணி நிக்குது" என்று ஒருவர் எழுந்து சொல்வார். "பார்க்கிறோம்" என்று உதவிப் பொறியாளர் பதில் சொல்வார். அத்தோடு முடிந்தது. தண்ணீர் நிற்பதற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு, சில சமயம் அலுவலகமே வேறு. எதுவென்று தெரியாத புகாருக்கு ஒரு லாரி வந்து தண்ணீரை உறிஞ்சிவிட்டுப் போகும், புகார் முடிந்துவிட்டதாகக் கைப்பேசிக்குச் செய்தி வரும். அடுத்த மழையில் அதே குளம்.

ஆகவே மழை விட்டதும் தெருவில் இறங்கிப் பாருங்கள். பழைய தார்மேல் புதிய தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்து, வீடுகள் பள்ளமாகிவிட்டனவா? அப்படியானால் நீங்கள் கேட்க வேண்டியது மில்லிங், அதாவது பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடும் சாலை. அப்படித்தான் போட வேண்டும் என்று 2021இலேயே அரசு அறிவுறுத்தியிருக்கிறது. மழைநீர் வடிகாலின் நுழைவாய் சாலை மட்டத்தைவிட உயரத்தில் இருக்கிறதா? அப்படியானால் வடிகாலை எத்தனை முறை தூர்வாரினாலும் பயனில்லை. நுழைவாயை இறக்கிக் கட்ட வேண்டும். வடிகாலுக்குள் மண் போகாமல் பிடித்துவைக்கும் வண்டல் தொட்டி நிரம்பியிருந்தால் அது பராமரிப்பு வேலை. தேங்கிய நீர் கறுத்து நாற்றமடித்தால் கழிவுநீர் கலக்கிறது என்று அர்த்தம். சென்னையில் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. பெரிய சாலையாக இருந்தால் நெடுஞ்சாலைத் துறையும் உள்ளே வரும். மனு தவறான மேசைக்குப் போனால் அங்கேயே தூங்கும்.

பார்த்ததை அளந்து எழுதுங்கள். எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த வீட்டு எண் வரை, எத்தனை மீட்டர் நீளம், நடுச்சாலையில் எத்தனை சென்டிமீட்டர் ஆழம், மழை நின்று எத்தனை மணி நேரம் கழித்து வடிந்தது. அளவுகோலைத் தண்ணீரில் நிறுத்திப் படம் எடுங்கள். தெருவிளக்கு என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறியுங்கள். பொறியாளர் எஸ்டிமேட், அதாவது செலவு மதிப்பீடு, போட உட்காரும்போது இந்த எண்கள்தான் அவருக்குத் தேவை. அவற்றை நாமே கொடுத்துவிட்டால் "ஆய்வு செய்ய வேண்டும்" என்று தள்ளிப்போட இடமிருக்காது.

காலத்தைப் பற்றிச் சொல்வதைத் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. வரவு செலவுத் திட்டம் அதற்கு முந்தைய மாதங்களிலேயே தயாராகிவிடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எனவே மழையில் எடுத்த அளவுகளோடு அந்தக் காலாண்டுச் சபையிலேயே கோரிக்கையை வைத்தால், அது வரவு செலவுத் திட்டத்துக்குள் நுழைய வழி உண்டு. பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை என்று நகர்ந்து கோடையில் வேலை நடக்கும். மே மாதம் போய்க் கேட்டால், பணம் ஏற்கெனவே வேறு தெருக்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும்.

மனுவை இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றில் தேதியும் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். வாயால் சொன்னது எதுவும் பதிவாகாமல் போகலாம். "இதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதுங்கள்" என்று சபையிலேயே கேளுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாக, சென்ற முறை பதிவானவை என்ன ஆயின என்று கேளுங்கள். சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். கூட்டாவிட்டால் அதையும் எழுத்தில் கேட்கலாம்.

வேலை தொடங்கிய பிறகும் விட்டுவிடக் கூடாது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் விண்ணப்பக் கட்டணம் செலுத்தி எஸ்டிமேட், பணி ஆணை, செய்த வேலையின் அளவுகளை எழுதிவைக்கும் அளவுப் புத்தகத்தில் அந்த வேலைக்கான பக்கங்கள் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் சட்டம் தருவது ஆவணத்தில் இருக்கும் தகவலைத்தான். ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். பொதுப்பணியை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம். எஸ்டிமேட்டில் எழுதிய தார் கனமும் அளவுப் புத்தகத்தில் எழுதிய கனமும் தெருவில் இருக்கும் கனமும் ஒன்றுதானா என்று பார்க்க ஓர் அளவுகோல் போதும்.

ஒரு கவலை பாக்கி இருக்கிறது. வாடகைக்குக் குடிவந்தவர்களில் பலருடைய பெயர் வாக்காளர் பட்டியலில் பழைய முகவரியிலேயே கிடக்கிறது. அதனால் பத்து வருடமாக இங்கே வாழ்ந்தும் அவர்கள் இந்தச் சபையின் உறுப்பினர் ஆவதில்லை. முகவரி மாற்றத்துக்கான தேர்தல் ஆணையத்தின் படிவம் 8ஐ நிரப்பிக் கொடுத்தால் பெயரை இந்தச் சாவடிக்கு மாற்றிக்கொள்ளலாம். நலச்சங்கங்கள் அடுத்த சபைக்கு முன்பே வாடகை வீடுகளின் கதவைத் தட்டி அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். வேலைநாள் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் வர முடியாது. ஞாயிறு மாலைக்கு மாற்றித் தரும்படி கவுன்சிலருக்கு எழுதிக் கேளுங்கள், அந்தக் கடிதத்தில் அவர்களுடைய கையெழுத்தையும் வாங்குங்கள்.