தேர்ந்தெடுத்த வரியில் நிறம் ஏன் நடுவில் மாறுகிறது?

வணக்கம் நேயர்களே. தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்கான அறிவிப்பு ஒன்றைக் கணினியில் திறந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு பத்தியை மௌஸால் இழுத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். பத்தி மஞ்சளாகிறது. நடுவே தடித்த எழுத்தில் இருக்கும் பூசை நேரம் மட்டும் நீலமாக நிற்கிறது. அந்த நீலத் துண்டைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

பக்கத்தை எழுதியவர், பத்திக்கான ‘பி’ குறிச்சொல்லுக்கு மட்டும், தேர்ந்தெடுத்த பகுதியின் நிறத்தைச் சொல்லும் விதியாக மஞ்சள் செலக்‌ஷன் கொடுத்திருக்கிறார். தடித்த எழுத்து அதற்குள் இருக்கும் ‘ஸ்ட்ராங்’. பழைய முறையில் ஒவ்வொரு குறிச்சொல்லின் செலக்‌ஷனும் தனித்தனி. பத்தியின் மஞ்சள் உள்ளே இறங்காது, அங்கே உலாவியின் சொந்த நீலம்தான் வரும்.

பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் ‘சூடோ எலிமெண்ட்ஸ் நான்காம் நிலை’ என்ற தர விவரம் இதை மாற்றியது. ஸ்ட்ராங்கின் செலக்‌ஷன் பத்தியின் செலக்‌ஷனிடமிருந்து நிறத்தை வாங்கும். பத்தி தன் மேலே உள்ளதிடமிருந்து வாங்கும். இப்படியே எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ரூட் குறிச்சொல் வரை. வழக்கமாக வழிவழி இறங்காத பின்னணி நிறம்கூட இங்கே இறங்கும். குரோம் இந்த முறைக்கு மாறிவிட்டது.

ஆனாலும் பல தளங்களில் அது வேலை செய்யாது. காரணம், நம்மில் பலர் முன்னால் எதுவும் போடாமல் இரண்டு முக்காற்புள்ளி, செலக்‌ஷன் என்று மொட்டையாக எழுதிவிடுகிறோம். மொட்டையாக எழுதினால் எல்லாக் குறிச்சொல்லுக்கும் என்று பொருள். அப்புறம் எச்சரிக்கைப் பத்திக்கு மட்டும் சிவப்பு கொடுத்தால், உள்ளே இருக்கும் ஸ்ட்ராங் மறுபடி மஞ்சளாகும். நேரடியாகப் பொருந்தும் விதி இருக்கும்போது மேலிருந்து வருவது எடுபடாது. திரும்பவும் சொல்கிறேன்: நேரடி விதி இருந்தால், மேலிருந்து இறங்கும் மரபு எடுபடாது.

முன்னால் ரூட் சேர்த்து எழுதினால் புதிய முறையில் சரியாகும். பழைய உலாவியிலோ அந்த விதி ரூட்டோடு நின்றுவிடும், பக்கம் முழுக்க நீலம்தான்.

இரண்டிலும் நிற்கும் வழி ஒன்று உண்டு, நான் யாருக்கும் அதைத்தான் சொல்வேன். மொட்டை விதி இருக்கட்டும். அதில் நிறத்தை நேரே எழுதாமல், இரண்டு சிறுகோடு போட்டுத் தொடங்கும் மாறி ஒன்றை, அதாவது மதிப்பைத் தாங்கும் பெயர் ஒன்றை வைத்து, அந்த மதிப்பைத் தரும் ‘வார்’ மூலம் எடுங்கள். ரூட்டில் அந்த மாறிக்கு மஞ்சள், எச்சரிக்கைப் பத்தியில் அதே மாறிக்குச் சிவப்பு. செலக்‌ஷன் அந்த மாறியைத் தன் சொந்தக் குறிச்சொல்லிடம் கேட்கும். ஸ்ட்ராங்குக்கு அது பத்தியிடமிருந்து வழக்கம்போல இறங்கியிருக்கும். அதுவும் சிவப்பாகும்.

நேரம் நெருங்கிவிட்டது, மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னணி நிறத்தோடு எழுத்து நிறத்தையும் சேர்த்தே கொடுங்கள்; இரண்டுக்கும் இடையே 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடாவது இருக்கட்டும். எழுத்தின் தடிமன், அளவு, உள் இடைவெளியான பேடிங் எதுவும் செலக்‌ஷனில் எடுபடாது, இடத்தை மாற்றும் எதற்கும் அங்கே அனுமதி இல்லை. பழைய ஃபயர்ஃபாக்ஸுக்கான ‘மாஸ்’ முன்னொட்டு விதியைக் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் சேர்க்காதீர்கள். உலாவிக்கு ஒன்று புரியாவிட்டால் முழு விதியையும் தள்ளிவிடும். நாமே பெயர் வைத்து எழுத்துப் பகுதிக்கு நிறம் கொடுக்கும் கஸ்டம் ஹைலைட்டுக்கும் இதே மரபு முறைதான். வணக்கம்.